கடதாசி எலும்புக்கூட்டுடன் கிங்ஸ்பரி வரை

2006 ஒக்ரோபர் கடைசி நாள், செவ்வாய்க்கிழமை. காலை 11.10க்கு இல்ஃபோர்டில் அண்ணை வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். போகவேண்டிய இடம் கிங்ஸ்பரி. லண்டனின் கிழக்கிலிருந்து வடமேற்கு. பதினைந்து மைல் என்று அண்ணை சொல்லியிருந்தார். நான் மன்னாரிலிருந்து வந்து ஐந்து கிழமை. அதுவரை தனியாக எங்கும் போகவில்லை. இங்கிலீசு நாலு சொல் தெரியும்.

கையில் பெரிய கறுப்புக் குப்பைப் பை. அதற்குள் எலும்புக்கூடு.

தங்கச்சி ஜசிந்தா கிங்ஸ்பரியில் இருக்கிறாள். அவள் மகள் ஷரோனுக்கு ஏழு வயது. அன்றைக்கு அந்த ஊரின் பேய்த் திருநாள், ஹாலோவீன். பிள்ளைகள் வேஷம் போடுவார்கள். ஷரோனின் பள்ளிக்கூடம் முன்கூட்டியே கடிதம் விட்டிருந்தது. வேஷம் கடையில் வாங்கக்கூடாது. பிளாஸ்டிக் கூடாது. வீட்டில் எறிகிற சாமானில் செய்யவேண்டும். முடிந்தபின் எல்லாம் பள்ளிக்கூடத்து இலைக்குழிக்குப் போகும். உக்கி மண்ணாக வேண்டும்.

பிள்ளை எலும்புக்கூடு கேட்டாள். எலும்பு செய்ய எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் செய்தேன். பழைய பேப்பரைச் சுருட்டி, கோதுமை மாப்பசை பூசி, விலா எலும்பு பன்னிரண்டு. முட்டை வந்த மட்டையை ஊறவைத்துப் பிசைந்து மண்டையோடு. வெள்ளைக்கு அரிசி மா. உடம்புக்கு அண்ணியின் பழைய கறுப்பு யன்னல் சீலை. பருத்தி நூலால் தைத்தேன். பத்து நாள் வேலை.

அண்ணை காரில் கொண்டுபோவதாக இருந்தது. அவர் வேலை செய்கிற பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்டை மாற்றிவிட்டார்கள். போக முன்னம் பையின் வாயைத் தானே கட்டினார்.

"தங்கச்சி, வழியிலை இதைத் திறந்திடாதை. மழை பட்டா மாக்கூழ்தான் மிஞ்சும்."

ஒன்றரை மணிக்குள் பள்ளிக்கூட வாசலில் நிற்கவேண்டும்.

11.20. இருபத்தைந்தாம் இலக்க பஸ். தெருவோர மெஷினில் ஒன்றரைப் பவுண் போட்டால் டிக்கெட். இரண்டு பெட்டியை ஒட்டவைத்தது போல நீள பஸ், நடுவில் மடிகிறது. மழை தூறியது. பையை மடியில் வைத்தேன். மனோர் பார்க் தாண்ட பஸ் நிரம்பியது. என் பக்கத்து சீட் மட்டும் வெறுமை. ஒரு மனிசி இருக்க வந்தா. பையைப் பார்த்தா, என் முகத்தைப் பார்த்தா, போய் முன்னுக்கு நின்றுகொண்டா. முந்தின வருஷம் லண்டன் ரயிலிலும் பஸ்ஸிலும் குண்டு வெடித்திருந்தது. அந்த வருஷங்களில் பெரிய பையோடு ஏறுகிறவரை ஆட்கள் அப்படித்தான் பார்த்தார்கள். அண்ணை அதைச் சொல்லவில்லை. நான் குனிந்தபடி இருந்தேன். வெளியே வீட்டு வாசல்களில் குடைந்த பூசணிக்காய்கள், பல்லும் கண்ணுமாக. குடைந்தெடுத்த சதையை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. ஒரு தெருவுக்குக் கறி வைக்கலாம்.

11.58. ஸ்ட்ராட்ஃபோர்ட். இங்கே இறங்கி ரயில் எடுக்கவேண்டும். மழை பலமாகியிருந்தது. ஸ்டேஷன் வாசலில் பொலிஸ் நான்கு பேர். ஒரு நாய். ஆட்கள் நிற்காமல் அவர்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

என் கால் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. ஆட்களை விட்டு விலகி, வெட்டை வெளியில் பையை இறக்கினேன். அண்ணை போட்ட முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து நிலத்தில் வரிசையாக வைத்தேன். மண்டையோடு, கை, கால், விலா எலும்பு தைத்த சீலை. பிறகு கையை முன்னுக்குக் கட்டிக்கொண்டு நின்றேன். ஊரில் ஆமிச் சோதனைச் சாவடிகளில் அப்படித்தான். அவர்கள் சொல்ல முன்னம் செய்தால் கெதியாக, நேரமெடுக்காமல் விடுவார்கள்.

ஒரு பொலிஸ்காரி வந்தா. ஏதோ கேட்டா. விளங்கவில்லை. அடையாள அட்டையையும் எடுத்து நீட்டினேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், தமிழில். வேலைக்குப் போகிற கந்தோர் உடுப்போடு ஒரு பெண், கையில் குடை. மலேசியாக்காரி என்று பிறகு சொன்னாள்.

"அக்கா, அவங்க உங்கள ஒண்ணும் கேக்கலியே. ஏன் பிரிச்சு வைக்கிறீங்க?"

"கேட்பினம்."

"கேட்டா தொறக்கலாம். இப்ப எலும்புக்கூட்ட மழையில குளிப்பாட்டிட்டு இருக்கீங்க."

குனிந்து பார்த்தேன். மண்டையோட்டின் வெள்ளை கரைந்து நிலத்தில் பால் போல ஓடியது.

அந்தப் பெண் குடையை எலும்புகளுக்குப் பிடித்தாள், தான் நனைந்தாள். பொலிஸ்காரி தொப்பியோடு குந்தியிருந்து கால் எலும்பு இரண்டையும் எடுத்துத் தந்தா. அவ சொன்னதை அந்தப் பெண் தமிழில் சொன்னாள்: நன்றாகச் செய்திருக்கிறேனாம், கெதியாக மூடட்டாம். அட்டையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பன்னிரண்டு விலா எலும்பில் இரண்டு துவண்டு தொங்கின. பையின் வாயை அந்தப் பெண்தான் கட்டினாள்.

12.15. ஜூபிலி லைன் ரயில். ஸ்ட்ராட்ஃபோர்டை விட்டால் கிங்ஸ்பரி இருபத்துமூன்றாவது ஸ்டேஷன். பெயர்களை வாசிக்க நேரம் போதாது, ஆகவே செபமாலையை எடுத்து ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு மணி தள்ளினேன். சீட்டுக்குக் கீழே சூட்டுக் காற்று வந்தது. பையை அதற்குப் பக்கத்தில் வைத்தேன். வாயைத் திறந்தால் காயும். திறக்கப் பயம். கொஞ்சம் திறந்தேன். எதிரே இருந்தவர் உள்ளே மண்டையோட்டைக் கண்டார், பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்தார்.

பத்தாவது மணிக்கு வெஸ்ட்மின்ஸ்டர். மேலே பெரிய மணிக்கூடு இருக்கிறதாம். லண்டன் போனவர்கள் எல்லாரும் அதைப் பற்றி எழுதுவார்கள். நான் அதற்குக் கீழே, மண்ணுக்குள்ளால் போனேன். பதினாறாவது மணிக்கு ரயில் வெளிச்சத்துக்கு வந்தது. மழை விட்டிருந்தது.

1.14. கிங்ஸ்பரி. ஓட்டமும் நடையுமாகப் பத்து நிமிஷம். ஜசிந்தா வேலை உடுப்போடு வாசலில் நின்றாள். பக்கத்தில் ஷரோன். மற்றப் பிள்ளைகள் சாக்கிலும் காய்ந்த இலையிலும் பேய்களாகத் திரிந்தார்கள். மண்டபத்து வாசலில் ஒரேஞ்சு நிறத் தோடம்பழத் தோலை நூலில் கோர்த்துத் தொங்கவிட்டிருந்தார்கள். பையை அவிழ்த்தோம். முகம் பாதி வெள்ளை, பாதி மட்டை நிறம். சீலையைப் போடும்போதே துவண்ட விலா எலும்பு இரண்டும் கழன்று விழுந்தன.

பிள்ளை அழவில்லை. இங்கிலீசில் கேட்டாள். ஜசிந்தா தமிழில் சொன்னாள். நனைந்திருக்கிறதே, பெரியம்மா ஏன் பையைத் திறந்தவ என்று கேட்கிறாள்.

"பொலிஸ் நிண்டது" என்றேன்.

"அவை திறக்கச் சொன்னவையோ?"

"இல்லை."

ஜசிந்தா இதை மகளுக்குச் சொல்லவில்லை. விழுந்த இரண்டையும் பொறுக்கி மகளின் கையில் கொடுத்தாள். பத்து விலா எலும்போடு ஷரோன் உள்ளே போனாள். பின்னேரம் எல்லாம் குழிக்குள் போட்டார்கள், சீலையும்தான். அவள் விழுந்த இரண்டில் ஒன்றைப் போட்டாள், மற்றதை எனக்குத் தந்தாள். மன்னார் மண்ணில் புதைக்கவேண்டுமாம். எது முந்தி உக்குகிறது என்று பார்க்கப்போகிறாளாம். ரீச்சரும் சம்மதமாம்.

நவம்பர் நடுவில் திரும்பினேன். கொழும்பிலிருந்து மன்னார் பஸ். மதவாச்சி ஆமிச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். வரிசையில் நின்றேன். என் முறை வர முன்னமே பையைத் திறந்து வைத்தேன். லண்டனில் அது பிழை. இங்கே அதுதான் சரி.

ஆமிக்காரன் இளம் பெடியன். உடுப்புகளுக்கு நடுவில் இருந்த விலா எலும்பைத் தூக்கினான். அது காய்ந்து திரும்பவும் இறுகியிருந்தது. அரைகுறைத் தமிழில் கேட்டான்.

"இது என்ன?"

"பிள்ளையின்ரை வேஷம்."

நம்பவில்லை. முழங்காலில் வைத்து முறித்தான். உள்ளே இங்கிலீசுப் பேப்பர். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு இரண்டு துண்டையும் பைக்குள் போட்டான். போகச் சொன்னான்.

வீட்டுக்குப் பின்னால், முருங்கைக்குப் பக்கத்தில் இரண்டு துண்டையும் புதைத்தேன். மாரி மழை. கறையானும் வந்தது. பத்தொன்பதாம் நாள் தோண்டிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. போனில் சொன்னேன். லண்டன் எலும்பு இன்னும் அப்படியே கிடக்கிறதாம். மன்னார்தான் முதல் என்று ஷரோன் வகுப்பில் சொன்னாளாம், எல்லாரும் கை தட்டினார்களாம்.

முறிந்தது கெதியாக உக்கும். முறிந்த கதையை நான் அவளுக்குச் சொல்லவில்லை.