ஜீப்பின் வடிதுளைகள்

தண்ணீர் வெளியே போவதற்காக வைத்த துளைகளை, தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்று சொல்லி அடைத்த ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர் என்று தியாகராய நகரில் அவருக்குப் பெயர். எனக்கு அதில் இன்றும் உடன்பாடில்லை.

எழுபதுகளின் தொடக்கம். நான் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியன். என் அக்கா ஒரு தருமச் சங்கத்தில் நர்ஸ். வாரம் ஒருமுறை அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்துக்கு மருந்து கொண்டுபோவது அவள் வேலை. தார்ச் சாலை முடிந்த பிறகு மணல்தான். அதில் போகக்கூடிய வண்டி சங்கத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. உலகப் போர் முடிந்ததும் பட்டாளம் ஏலத்தில் கழித்துவிட்ட ஜீப். ஓட்டுவதும் அக்காதான். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு லஸ் முனையில் அவள் வண்டியைத் திருப்பினால், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

சங்கத்துக்குக் கொட்டகை கிடையாது. செயலாளர் வீட்டுப் போர்ட்டிகோவில் ஜீப் நிற்கும். அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்து முன்னேறியவர். சாவியும் அவர் வீட்டு ஆணியில்தான் தொங்கும்.

கடற்காற்றில் ஓடும் வண்டியின் வெளித்தகட்டில் வரும் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்துவிடலாம். ஆபத்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அந்த ஜீப்பின் தளத்தை அடியில் தாங்குவதற்குத் தொட்டி போல வளைத்த தகடுகளைக் குறுக்கே பற்றவைத்திருந்தார்கள். தளத்துக்கும் அவற்றுக்கும் நடுவே இருந்த பொந்துக்குள் மரச்சட்டம் வேறு. மரம் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு மாதக்கணக்கில் விடாமல் வைத்திருக்கும். தகடு உள்ளிருந்தே அரித்துப்போகும். வண்டியைச் செய்தவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. நீர் வடிவதற்கு அடியில் சிறு துளைகள் விட்டிருந்தார்கள்.

அக்கா அந்தத் துளைகளை வேறொன்றுக்கும் பயன்படுத்தினாள். எங்கள் பங்குக் கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை உபதேசியார் அவளுக்காக ஒரு டப்பாவில் சேர்த்துவைப்பார். மந்தைவெளி மெக்கானிக் கழிவு ஆயில் தருவார். இரண்டையும் கொல்லைப்புறத்தில் ஸ்டவ்வில் உருக்கி, சூடு ஆறுவதற்குள் கொசு மருந்துப் பம்பில் ஊற்றி, ரப்பர் குழாயைத் துளைக்குள் விட்டு அடிப்பாள். ஒரு துளையில் அடித்தது மறு துளையில் சொட்டும் வரை நிறுத்தமாட்டாள். உள்ளே மெழுகு படலமாக உறைந்துவிடும். மிச்ச ஆயில் இரண்டொரு நாள் சொட்டிவிட்டு நிற்கும். ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் இது நடக்கும். வீடெல்லாம் கோயில் வாடையும் ஒர்க்‌ஷாப் வாடையும் கலந்து வீசும். அம்மா திட்டுவாள். ஜீப்பின் வயிறு கெட்டியாக இருந்தது.

ஒரு வருஷம் செயலாளர் போர்ட்டிகோவுக்கு மொசைக் போட்டார். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அதில் ஆயில் சொட்டியது. அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. ஜீப்பை ஒரு டிங்கரிடம் அனுப்பினார். வண்டி பளபளவென்று வெள்ளைப் பெயின்ட்டோடு திரும்பி வந்தது. அடியில் துளைகளையெல்லாம் ஈயம் வைத்து அடைத்து, அதன் மேலும் வெள்ளை பூசியிருந்தார்கள். வண்டியை ஓட்டுகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மழை பிடித்த பிறகு, பிரேக் போடும்போதெல்லாம் காலடியில் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது. அக்கா குனிந்து பார்த்தாள். நேரே ஜவுளிக்கடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். எங்களை உட்காரவைத்துக் கலர் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் செயலாளர் பேசினார்.

"அடைக்கச் சொன்னதே நான்தாம்மா. ஓட்டை இருந்தா தண்ணி ஏறத்தானே செய்யும்? நீங்க கடல் தண்ணியில வேற கொண்டுபோய் விடுதீக."

"தண்ணி மேலேருந்து வருது ஐயா. அந்த ஜீப்புக்குக் கதவே கிடையாது. உள்ளே வர ஆயிரம் வழி இருக்கு. வெளியே போறதுக்கு அது ஒண்ணுதான் வழி."

"ஆண்டு விழா வரைக்கும் பெயின்ட் கெடாம இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு, பட்டு கேட்டு வந்தவர்களிடம் திரும்பிக்கொண்டார்.

தை மாதத்தில் சங்கத்து ஆண்டு விழா முடிந்தது. பிறகு கல்யாண சீசன் வியாபாரம். பிறகு அவருக்கு யாத்திரை. அக்கா மெக்கானிக்கிடம் துளையைத் திறந்துவிடச் சொல்லிப் பார்த்தாள். "அவரு சொல்லாம நான் கை வெச்சா, அப்பால வண்டி இந்தாண்ட வராதுக்கா" என்றார் அவர். அக்காவே திறக்கலாமா என்று செயலாளரிடம் கேட்டதற்கு, சங்கத்துச் சொத்தில் கமிட்டி அனுமதி இல்லாமல் கைவைக்கக்கூடாது என்று பதில் வந்தது. துளைகளை அடைக்க மட்டும் எந்தக் கமிட்டியும் தேவைப்படவில்லை.

அடுத்த புரட்டாசியில் அது நடந்தது. காய்ச்சலில் கிடந்த ஒரு மீனவப் பெண்ணை அக்கா ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்துகொண்டிருந்தாள். மணல் மேட்டில் வண்டி ஒருமுறை தூக்கிப் போட்டது. அந்தப் பெண்ணின் காலடியில் தளம் அப்பளமாக நொறுங்கியது. கால் கெண்டைக்கால் வரை உள்ளே போய், தகட்டின் விளிம்பு கிழித்துவிட்டது. அக்கா அங்கேயே கட்டுப் போட்டு, வண்டியை ஊர்ந்து ஊர்ந்து கொண்டுவந்து சேர்த்தாள்.

செயலாளர் வீட்டில் கமிட்டி கூடியது. சங்க ஊழியரின் தம்பி என்ற முறையில் நான் வாசல் பக்கம் உட்கார அனுமதித்தார்கள். செயலாளர் வருத்தமான குரலில் பேசினார். நர்ஸம்மா வண்டியைக் கடலில் இறக்கிவிட்டார், உப்பு அரித்துவிட்டது, பொம்பளைப் பிள்ளைக்கு மணலில் ஓட்டுவது கஷ்டம்தான், இனி குப்பத்துக்காரர்களே பஸ் ஏறி தியாகராய நகருக்கு வந்து மருந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றார். காய்ச்சலில் எழுந்திருக்க முடியாதவர்கள் எப்படி பஸ் ஏறுவார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அக்கா எல்லோரையும் போர்ட்டிகோவுக்கு அழைத்தாள். உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு சேலையோடு ஜீப்புக்கு அடியில் படுத்தாள். ஈயம் தெறித்தது. முந்தின வாரத்து மழைத் தண்ணீர் பழுப்பாக, உளுத்த மரத்தூளோடு மொசைக்கில் ஓடியது. துளையைச் சுற்றியிருந்த தகடும் கூடவே உதிர்ந்தது.

செயலாளர் வீட்டுக்குள் பார்த்து, "ஒரு கோணி எடுத்துட்டு வாங்க" என்றார்.

தலைவராக இருந்த வயதான டாக்டர், துளையை யார் அடைத்தது என்று கேட்டார். கமிட்டியில் ஒருவர் நடந்தது நடந்துபோச்சு என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். குப்பத்து வேலை தொடரும், சாவி இனி நர்ஸிடமே இருக்கும் என்று டாக்டர் சொல்லி முடித்தார். தளத்தை மாற்றி வெல்டிங் செய்யும் பொறுப்பைச் செயலாளரிடமே கொடுத்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

செயலாளர் அந்தப் பெண்ணுக்கு ஒரு புடவை கொடுத்தனுப்பினார். அக்கா ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தப் பெண் அதைப் பிரிக்கவில்லை. "பொடவையா கேட்டேன்? வண்டி எப்ப வரும், அத்த சொல்லுக்கா" என்றாள்.

அக்கா புடவையைக் கடைக் கவுன்டரில் வைத்து, வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே அந்தப் பெண் கேட்டதை அப்படியே அவரிடம் சொன்னாள்.

"தீபாவளி வியாபாரம் முடியட்டும்மா" என்றார் அவர்.

தீபாவளிக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. தரையில்லாத ஜீப்பின் சாவி எங்கள் வீட்டில் இருந்தது. அந்த மழைக்காலம் முழுவதும் அக்கா அடையாற்றில் பஸ்ஸை விட்டு இறங்கி, மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஈர மணலில் நடந்து போனாள். அவளால் தூக்க முடிந்த மருந்துதான் குப்பத்துக்குப் போனது. மிச்சம் தியாகராய நகரில் அலமாரியில் இருந்தது.