இடப்பக்கமாகவே நீந்திய மீன்கள்

“கம்பி வளைக்க எனக்கு எதுக்குய்யா கருவி? என் கண்ணுதான் அளவுகோல், என் விரல்தான் குறடு. என் கையில ஒரு கருவி ஏறுற அன்னைக்குக் கடை ஷட்டரை இழுத்துப் பூட்டிட்டு வீட்டுல உக்காந்துடறேன்!”

இப்படி முழங்கியவர் தெருமுனை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். முழங்கிய இடம் எதிரே இருந்த தேநீர்க் கடை. சாட்சிகள், ஞாயிறுதோறும் வாய்க்காலில் தூண்டில் போடும் கோஷ்டியின் ஏழு பேர். பிழைப்பையே பணயம் வைக்கிறோமே என்று அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. வாயில் வந்தது, விட்டுவிட்டார். சரித்திரத்தில் பெரிய சபதங்கள் எல்லாம் அப்படித்தான் பிறந்திருக்க வேண்டும்.

கண்ணாடிக்காரருக்கு அந்தத் தெருவில் இருபத்தாறு வருட அனுபவம். கடை நாலடி அகலம். வாடிக்கையாளரை முக்காலியில் உட்கார வைப்பார். சட்டகத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, காதுக்கம்பியை லேசாக ஒரு அழுத்து அழுத்துவார். பிறகு மூக்கில் மாட்டிவிட்டு, “பிசகே இல்ல, எழுந்திருங்க” என்பார். யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை. மறுத்துப் பேச வேண்டியவர்களின் கண்கள் அவர் கையில்தானே இருந்தன.

ஓய்வு நேரத்தில் அவர் கோஷ்டிக்குப் பொய்மீன் செய்து தருவார். கட்டைவிரல் நீள மரத்துண்டைச் செதுக்கி, வண்ணம் தீட்டி, வயிற்றுக்குள் ஒரு ஸ்டீல் கம்பியை ஓட்டி, அது வெளியே வரும் இடங்களில் வளையமாக வளைப்பார். வயிற்றடி வளையங்களில் கொக்கி தொங்கும். மூக்கு வளையத்தில் தூண்டில் நூலைக் கட்டி, தண்ணீரில் வீசி இழுத்தால் நிஜ மீன் நீந்துவதுபோல் வரும். அதை நம்பிப் பெரிய மீன் வந்து கவ்வ வேண்டும் என்பது ஏற்பாடு. இதில் சூட்சுமம் எல்லாம் அந்த மூக்கு வளையத்தில்தான். அது மயிரிழை சாய்ந்தாலும் போதும், மீன் அந்தப் பக்கமே ஓடும்.

கண்ணாடிக்காரரின் மீன்கள் அத்தனையும் இடப்பக்கம் ஓடின. வாய்க்காலின் இடது கரை நெடுகக் கோரை. ஓடிய மீன்கள் அதற்குள் புகுந்து சிக்கிக்கொண்டன. கோஷ்டி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. நாலடி வலப்பக்கம் தள்ளி வீசுவது. வருஷக்கணக்கில் வீசி வீசி, அவர்கள் தோளே அப்படிப் பழகிவிட்டது.

யாராவது முனகினால் கண்ணாடிக்காரரிடம் விளக்கம் தயாராக இருந்தது. “நிஜ மீன் என்ன, ரயில் மாதிரி நேராவா போகும்? பயந்து ஒதுங்கிப் போகும்யா. அந்தப் பயத்தைத்தான் நான் கம்பியில கொண்டு வர்றேன்.”

இந்தக் கலைநயம் புரியாத ஒரே பிறவி அவருடைய மச்சினன், சைக்கிள் பழுது பார்ப்பவன்.

“மாமா, போன வாரம் மட்டும் பதினோரு மீன் கோரைக்குள்ள போச்சு. உங்க மீனைப் பிடிக்கவே தனியா ஒரு தூண்டில் போடணும் போல.”

“உனக்கு வீசத் தெரியல மச்சான். என் மீன் மேல பழி போடாதே.”

மச்சினன் எழுந்து போனான். தன் கடையில் உட்கார்ந்து ஒரு பலகையை அறுத்தான். நடுவில் ஓர் ஆணியை அடித்துத் தலையை வெட்டினான். அதைச் சுற்றி வருகிற மாதிரி ஒரு பழைய பிரேக் பிடியைத் திருகினான். கம்பி நழுவாமல் படுக்க ஒரு பள்ளம் செதுக்கினான். பிடி எங்கே நிற்க வேண்டுமோ அங்கே தடுப்பாக ஒரு திருகாணி வைத்தான். கம்பியைப் படுக்க வைத்துப் பிடியை இழுத்தான். ‘டக்.’ ஒரு வளையம். மறுபடி ‘டக்.’ அதே வளையம். அறுத்த மரம், வெட்டிய ஆணி, தூக்கிப்போட்ட பிரேக் எல்லாம் சேர்ந்து ஒரு மனிதரின் இருபத்தாறு வருடத்தைக் கேள்வி கேட்கத் தயாராகிவிட்டன.

கண்ணாடிக் கடைக்குக் கருவி வந்தது. மச்சினன் அதில் வளைத்த பத்து வளையங்களை வரிசையாகப் பரப்பினான். கண்ணாடிக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். முகத்தில் வெற்றிச் சிரிப்பு பரவியது.

“எல்லாம் ஒண்ணுபோல இருக்கு, ஒத்துக்கறேன். ஒண்ணுபோல வலப்பக்கம் சாஞ்சிருக்கு.”

“ஞாயித்துக்கிழமை வாய்க்கால் சொல்லட்டும் மாமா. மீன் நேரா வந்தா?”

“வந்தா ஷட்டர்தான். சொன்ன சொல்லு மாறமாட்டேன்.”

செய்தி கேட்டுக் கலங்கியது அவர் மனைவிதான். “ஏங்க, கடையை மூடிட்டு நாள் பூரா வீட்டுலயா இருப்பீங்க? போன தடவை காய்ச்சல்னு நாலு நாள் இருந்ததுக்கே அடுப்படி டப்பா எல்லாத்தையும் இடம் மாத்தி வெச்சீங்க. உப்பு எங்கேன்னு இன்னும் தேடிட்டு இருக்கேன்.” தம்பியிடம் தனியாகச் சொன்னாள்: “நீ எப்படியாவது தோத்துடுடா, உன்னைக் கும்பிடறேன்.”

ஞாயிறு காலை. கோஷ்டி முழுக்கக் கரையில். மச்சினன் தன் கருவியில் வளைத்த வளையமுள்ள மீனை நூலில் கட்டி வீசினான். அது வலது கரைக் கல்லில் போய் ‘ணங்’ என்று மோதியது.

“பார்த்தீங்களாய்யா!” கண்ணாடிக்காரர் குதித்தார். “நான்தான் சொன்னேனே, வலப்பக்கம் இழுக்கும்னு!”

மச்சினன் தன் தோளையே வெறித்துப் பார்த்தான். “மாமா, மீன் தப்புப் பண்ணல. உங்க மீனுக்குப் பழகிப்போய் நான்தான் நாலடி தள்ளி வீசிட்டேன்.”

இந்த முறை வாய்க்கால் நடுவே வீசினான். மீன் கோடு போட்ட மாதிரி நேராக அவன் காலடிக்கு வந்தது. அடுத்து கண்ணாடிக்காரரின் மீனை அதே இடத்தில் வீசினான். அது வழக்கம்போல் கோரையைத் தேடி ஓடியது.

“இன்னொரு தடவை போடு.”

போட்டான். ஐந்து தடவை போட்டான். ஐந்து தடவையும் மரத்துண்டுகள் இரக்கமே காட்டவில்லை.

கண்ணாடிக்காரரின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. ஓர் ஈ உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தது என்று கோஷ்டியில் பிறகு சொன்னார்கள். அதை முழுதாக நம்ப வேண்டியதில்லை. ஆனால் அடுத்து அவர் கேட்டதை எல்லாரும் கேட்டார்கள்.

“மச்சான்... நான் மீனுக்கு மட்டுமா கம்பி வளைச்சேன்?”

கோஷ்டியில் நாலு பேர் அவரிடம் கண்ணாடி வாங்கியவர்கள். நாலு பேரையும் ஏறிட்டுப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கண்ணை மூடாமல் பார்த்தார். நாலு சட்டகங்களும் ஒரே பக்கம் மயிரிழை தாழ்ந்திருந்தன. அதற்கு ஈடுகொடுத்து நாலு தலைகளும் சாய்ந்திருந்தன, யாரோ சன்னமாகப் பாடுவதைக் கேட்பதுபோல.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார். தெருவில் தையல்காரர் தலை சாய்ந்திருந்தது. தபால்காரர் தலையும்தான். எதிரே வந்தார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கடையின் மிகப் பழைய வாடிக்கையாளர்.

“மேடம், கண்ணாடி... சரியா இருக்கா?”

“உன் கண்ணாடிக்கு என்னப்பா, அருமையா இருக்கு. எங்க வீட்டுச் சுவர்தான் இருபது வருஷமா சாஞ்சே நிக்குது. கொத்தனாரை வெச்சு ரெண்டு தடவை இடிச்சுக் கட்டிட்டேன், அப்பவும் நேராகல.”

கண்ணாடிக்காரர் பக்கத்து விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். இடிந்தது இன்னொருவர் வீட்டுச் சுவர்தான், ஆனாலும் அவருக்குத்தான் நிற்க முடியவில்லை.

வீட்டில் மனைவி தண்ணீர் கொடுத்துவிட்டு, மெல்லச் சொன்னாள்: “உங்க தலையே இடப்பக்கம் சாஞ்சுதாங்க இருக்கும். முதல் முதலா பார்த்தப்பவே கவனிச்சேன். வெட்கப்படறீங்கன்னு நினைச்சேன்.”

“இத்தனை வருஷமா ஏன் சொல்லல?”

“சொன்னா வெட்கம் போயிடுமேன்னுதான்.”

திங்கள் காலை கோஷ்டி தேநீர்க் கடையில் ஆஜர். ஷட்டர் திறக்குமா என்பதே அன்றைய தேசியப் பிரச்சினை. பத்து மணிக்குக் கண்ணாடிக்காரர் வந்தார். யாரையும் பார்க்கவில்லை. கக்கத்தில் ஒரு பொட்டலம். ஷட்டரைத் தூக்கினார். அது இடுப்பு உயரம் வரை ஏறி, அங்கேயே நின்றது. திறந்த கடை என்றும் சொல்ல முடியாது, மூடிய கடை என்றும் சொல்ல முடியாது. அதே நேரம் அவர் வீட்டில் மனைவி காய் நறுக்கும் பலகையைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

பலகை கடைக்குள் இருந்தது. அதில் ஒரே உயரத்தில் இரண்டு ஆணிகள், ஒரு பிரேக் பிடி, ஒரு திருகாணி. எல்லாம் அவரே ராத்திரியோடு ராத்திரியாக அடித்தது.

முதலில் வந்தவர் தலைமையாசிரியை. கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லிக் கண்ணாடிக்காரர்தான் அவருக்கு ஆள் அனுப்பியிருந்தார். ஆசிரியை குடையை மடக்கி, குனிந்து, ஷட்டருக்கு அடியில் நுழைந்தார்.

“என்னப்பா, பாதிக்கடை?”

“வெயில் மேடம், கண்ணு கூசுது.”

வெளியே விடியற்காலையிலிருந்து தூறிக்கொண்டிருந்த மழை அப்போதுதான் வலுத்தது. கண்ணாடிக்காரர் சட்டகத்தை ஆணிகளின் மேல் படுக்க வைத்தார். பழக்க தோஷத்தில் ஒரு கண் மூடப் பார்த்தது. அதைத் திறந்துகொண்டு, பிடியை மெல்ல இழுத்தார்.

‘டக்.’