ஸ்கூட்டரை முந்திய மாதுளை

தல்லாகுளத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில், கேட்டுக்கும் வாசற்படிக்கும் இடையே பன்னிரண்டு அடி. அதில் நடக்க வழி போக மீதமிருந்த இடதுபக்க நாலடியை ஒரு மாதுளஞ்செடி அடைத்துக்கொண்டிருந்தது. அழகுக்காகவும் பூவுக்காகவும் அம்மா வைத்தது. நான்கு வருடமாகச் சிவப்புச் சிவப்பாகப் பூத்ததே தவிர, ஒரு பிஞ்சுகூட விட்டதில்லை.

அந்தக் காலத்து வழக்கப்படி அப்பா ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்ததும் அதே நான்கு வருடம்தான். நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, தை மாதத்தில், வைகாசிக்குள் வண்டி வந்துவிடும் என்று கடிதம் வந்தது. அன்று மாலையே அப்பா டேப்பால் வாசலை அளந்தார். வண்டி நிற்க அந்த நாலடியை விட்டால் வேறு இடமில்லை.

“வண்டி வர்றதுக்குள்ள காய்ச்சிருச்சுன்னா வெட்ட மாட்டீங்கள்லப்பா?” என்று கேட்டேன்.

“காய்க்கட்டும், பாக்கலாம்” என்றார். அவர் ஒன்றை மறுக்கும் முறை அது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் திருப்பரங்குன்றத்திலிருந்து வரும் தாய்மாமா இன்னும் ஒரு படி மேலே போனார். “ஏத்தா, அது வெறும் பூ மாதுளை. அதுல ஒரு காய் வந்துச்சுன்னா என் மீசையை எடுத்துடுறேன்.”

மாமாவின் மீசை லேசுப்பட்டதல்ல. அதற்கென்றே சட்டைப்பையில் ஒரு குட்டிச் சீப்பு வைத்திருந்தார்.

மறுநாளே கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து, செடியைப் பற்றி எழுதத் தொடங்கினேன். காலையில் எத்தனை பூ, மாலையில் கீழே விழுந்தவை எத்தனை, அம்மா பறித்தவை எத்தனை. பதினோராம் நாள் ஒன்று பிடிபட்டது. தானாக உதிர்ந்த பூக்கள் எல்லாம் அடி ஒல்லியானவை. அடி பருத்துக் குடம்போல் இருந்தவை ஒன்றுகூட உதிரவில்லை. உதிர்வதற்கு அம்மா விடவில்லை. முருகன் படத்தின் சட்டத்தில் சாயாமல் உட்காரும் என்பதால் அவற்றைத்தான் தினமும் தேடிப் பறித்தாள்.

நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா இரண்டு பக்கம் படித்துவிட்டு முறைத்தாள்.

“சாமிக்குப் போற பூவை உக்காந்து எண்ணிருக்கியே, உனக்கு வேற வேலையே இல்லையா?”

“இனி ஒல்லிப் பூவை மட்டும் பறிம்மா.”

“சாமிக்கு ஒல்லியா இருக்கதப் பாத்துக் குடுப்பாங்களா?”

எங்கள் வீட்டுப் படத்தில் இருந்தவர் கோவணத்தோடு தண்டம் பிடித்த ஆண்டி. “சாமியே ஒல்லியாத்தானம்மா இருக்காரு” என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழக்கு என் பக்கம் தீர்ந்தது.

மாசிக் கடைசியில் ஒரு பருத்த பூவின் இதழ்கள் உதிர்ந்தன, அடிப்பகுதி உதிரவில்லை. சித்திரையில் எலுமிச்சை அளவு. அணில் கடிக்காமல் இருக்க அப்பாவின் பழைய கைக்குட்டையில் பை தைத்துக் கட்டினேன். வைகாசி எட்டாம் தேதி அப்பா புது ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வந்தபோது, காய் கிட்டத்தட்ட ஆரஞ்சுப் பழம் அளவு. நான் கேட்டுக்குக் குறுக்கே நின்று, கிளையை வளைத்துப் பிடித்து, பையை அவிழ்த்துக் காட்டினேன்.

அப்பா காயைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு அதைத் தெருவோர வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போய் ஸ்டாண்டு போட்டார்.

அதன்பின் மூன்று ஞாயிறுகள் மாமா வரவில்லை. நாலாவது ஞாயிறு, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். கையை எடுக்கச் சொன்னேன். மேலுதடு மொழுமொழுவென்று, யாரோ போல இருந்தது. “ஒரு காய்க்கு இம்புட்டு அநியாயம் ஆகாதுத்தா” என்றார். ஆவணியில் பழத்தை அறுத்தபோது பெரிய பங்கு அவருக்குத்தான் கொடுத்தேன். முத்துகள் வெளிறி, லேசாகப் புளித்தன. அதைவிட ருசியான பழத்தை நான் பிறகு தின்றதில்லை.

அந்த வீட்டில் மேலும் ஒன்பது வருடம் இருந்தோம். செடி ஒவ்வொரு வருடமும் காய்த்தது. அப்பா ஒவ்வொரு நாளும், ஆபீசுக்குக் கிளம்புமுன், ஒரு வாளித் தண்ணீரும் துணியுமாக வேப்பமரத்தடிக்குப் போய், சீட்டில் காய்ந்த காக்கை எச்சத்தையும் ஒட்டிக்கிடந்த வேப்பம்பழங்களையும் தேய்த்துத் துடைத்தார்.

“அப்பாவுக்கு வண்டி மேல அம்புட்டு ஆசையாம்மா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஆமாடி, வண்டி மேலதான்” என்றாள் அம்மா, செடியையும் என்னையும் பார்த்துச் சிரித்தபடி.

அதையும் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.