பாவைச் சுருட்டிவிட்டுக் காட்டிய இடம்

ஜேசிபி வந்து நின்ற காலையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய கூத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு வந்த குழப்பம் உங்களுக்கும் வந்துவிடும்.

நான் ஆரணியில் துப்புரவு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன். புதிதாகச் சேர்ந்த சூப்பர்வைசர்கள் கேட்டதால் எழுதுகிறேன். புத்திமதி எதிர்பார்க்காதீர்கள், எனக்கே தெளிவில்லை.

1. இரண்டு மனு

நெசவாளர் தெரு ஒன்றின் பின்னால் நீளவாக்கில் ஒரு பொது இடம். அதில் பாதி, குப்பை. பட்டு நெய்கிற வசந்தா தெருக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு மனு மேல் மனு கொடுத்தார். குப்பை கொட்டக் கூடாது, கட்டடம் எதுவும் வரக் கூடாது, வெட்டவெளியாகவே விட வேண்டும் என்று கேட்டார்.

காரணம், பாவு. தறியில் ஏற்றும் முன் பட்டு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி தெளித்துக் காயவைக்க வேண்டும். முன்பெல்லாம் தெருவிலேயே செய்தார்கள். இப்போது தெரு முழுக்க பைக்கும் காரும்.

"இந்த எடமும் போச்சுன்னா தறிய வித்துட்டு கூலி வேலைக்குத்தான் போவணும் மேஸ்திரி" என்றார் வசந்தா.

அவர் மனுவை நான்தான் மேலே, நகராட்சி அதிகாரிக்கு அனுப்பினேன். அதே அதிகாரிக்கு, குப்பை பிரிக்க ஒரு ஷெட் வேண்டும் என்று நானும் எழுதியிருந்தேன். இரண்டும் ஊர் சுத்தத்துக்குத்தானே, என்ன வில்லங்கம் வரப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

2. பார்வையிட வந்தார்கள்

அதிகாரி வருகிறார் என்றதும் தெருவே எழுந்துகொண்டது. குப்பையை அள்ளினார்கள், பெருக்கினார்கள், தண்ணீர் தெளித்துக் கோலமும் போட்டார்கள். காய்ந்திருந்த பாவை அவிழ்த்துச் சுருட்டி வீட்டுக்குள் வைத்தார்கள். பாவு கட்டுகிற முளைக்குச்சிகளைப் பிடுங்கினார்கள். விளையாடுகிற பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்தார்கள். நானும் நின்று மேற்பார்வை பார்த்தேன். எனக்குப் பெருமை வேறு.

அதிகாரி சுற்றிப் பார்த்தார். "இந்த இடத்த யாருமே யூஸ் பண்றதில்லையா?"

"நாங்கதான் சார் பாவு போடறோம்" என்றார் வசந்தா.

"எங்கம்மா?"

"நீங்க வரீங்கன்னு எடுத்துட்டோம் சார்."

அதிகாரி சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஷெட் கேட்டீங்களே, இதவிட நல்ல எடம் ஏது? எவ்ளோ சுத்தமா இருக்கு பாருங்க."

நான் கேட்ட ஷெட் கிடைக்கிறது, நான் அனுப்பிய மனு தோற்கிறது. சந்தோஷப்படுவதா, அழுவதா? தலையை ஆட்டிவைத்தேன், ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா, அதுகூட நினைவில்லை.

3. ஜேசிபி

அஸ்திவாரம் தோண்ட வந்த காலை, அந்த இடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பாவு. வசந்தாவும் மற்றவர்களும் இழை முடிந்துகொண்டிருந்தார்கள்.

ஜேசிபி ஓட்டிவந்த சேகர் உள்ளூர்ப் பையன். இன்ஜினை அணைத்துவிட்டான்.

"இன்னாப்பா?" என்றேன்.

"கட்டின பாவ தாண்டக்கூடாதுன்னு வளந்தவன் நானு. அது மேல வண்டிய ஏத்துன்னா எப்படிங்க? எங்கம்மா சோறு போடாது."

போன் செய்ததும் அதிகாரியே வந்துவிட்டார். "எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

"ஈரத்துல எடுத்தா சிக்கிடும் சார். காயட்டும்" என்றார் வசந்தா, தலை நிமிராமல்.

அதிகாரி அவரிடம் போய்ப் பேச நினைத்தார். நடுவில் பாவு. காலைத் தூக்கப்போனவர், எல்லோரும் தன் காலையே பார்ப்பதைக் கண்டு, கோடிவரை நடந்து சுற்றிக்கொண்டு வந்தார்.

"தினமும் இப்படித்தானா? அன்னிக்கு ஏம்மா காட்டல?"

"பெரிய மனுஷங்க வந்தா பாயச் சுருட்டி வெக்க மாட்டோமா சார்?"

அவர் என்னைப் பார்த்தார், நான் சேகரைப் பார்த்தேன், சேகர் வானத்தைப் பார்த்தான். கடைசியில் அதிகாரி, "சரி, ஷெட்டுக்கு வேற எடம் பாருங்க" என்று வண்டியில் ஏறிவிட்டார். வசந்தா அப்போதுதான் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

4. வேறு இடம்

கிடைத்த வேறு இடம், என் வீட்டுக்குப் பின்னால் இருந்த நகராட்சிக் காலிமனை.

இப்போது பேட்டரி வண்டிகள் குப்பையோடு அங்கேதான் வருகின்றன. ஷெட் ஒழுங்காக நடக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனாலும் காற்று திரும்பினால் நாற்றம் வரும். என் வீட்டுக்காரி ஒரு நாள் கேட்டாள்: "ஊருக்கெல்லாம் எடத்துக்காவ நின்னீங்களே. நம்ம எடத்துக்கு ஏன் ஒரு மனு போடல?"

போட்டிருக்கலாம். அங்கே நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று எழுத வேண்டுமே. யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அந்த மனையில் நான் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.