டயட் மேடத்தின் கீழ் டிராயர்

மற்றவர்களை வாயைக் கட்டச் சொல்வது என் தொழில். விழுப்புரத்தில் ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் அதன் திண்டிவனம் கிளைக்குப் போவேன். எதை, எவ்வளவு, எப்போது சாப்பிடலாம் என்று எழுதிக் கொடுப்பேன். எல்லோருக்கும் நான் 'டயட் மேடம்'. ஒரே ஒரு முறுக்கு என்று நினைத்துப் பாக்கெட்டைப் பிரித்து, கடைசியில் காலி பாக்கெட்டை மடித்துக் குப்பைக்கூடையின் அடியில் செருகியவர் நீங்கள் என்றால், நாம் ஒரே கட்சி. மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

உருளைக்கிழங்கு வறுவல்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். மத்தியானம் அறைக் கதவைத் திறந்து வைத்தபடியே டிபன் பாக்ஸைப் பிரித்தேன். சாம்பார் சாதம், ஓரத்தில் உருளைக்கிழங்கு வறுவல். வெளியே பெஞ்சில் மருந்துக்காகக் காத்திருந்தவர்களில் வளவனூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஏழுமலையும் அவர் மனைவி குப்பம்மாளும் இருந்தார்கள். அரை மணி நேரம் முன்புதான் ஏழுமலையிடம் உருளைக்கிழங்கைக் குறைக்கச் சொல்லியிருந்தேன்.

எனக்குப் பிறவியிலேயே கூச்சம். யாராவது பார்த்தால் சோறு தொண்டையில் நின்றுகொள்ளும். அன்று பெஞ்சே பார்த்தது. குப்பம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம், எனக்குக் கேட்காது என்று நினைத்துச் சொன்னார்: "நம்மாளுக்கு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு, அந்தப் பொண்ணு என்னா துன்னுக்கினு இருக்குது பாரு."

பறிமுதல்

அன்றோடு மத்தியானச் சாப்பாட்டை விட்டேன். கேட்டவர்களிடம் காலையில் பலமாகச் சாப்பிட்டதாகச் சொன்னேன். டிபன் பாக்ஸ் போனபடியே வீட்டுக்குத் திரும்பியது.

இதற்கிடையில் என் மேசையின் கீழ் டிராயர் நிறையத் தொடங்கியது. பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் கிளினிக்குக்கு நடந்து வருவதற்குள் மூன்று பேக்கரிகளைக் கடக்க வேண்டும். வருகிறவர்கள் பையில் எதையாவது வாங்கி வந்துவிடுவார்கள். "கையில் இருந்தால் சாப்பிடத் தோன்றும், இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்" என்று நான்தான் பழக்கினேன். மிக்சர், கிரீம் பன், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை உருண்டை என்று சேரும். மாலையில் நர்ஸ் செல்வி அக்கா அதை வாட்ச்மேனுக்கும் துப்புரவுப் பெண்களுக்கும் கொடுப்பார்.

நாலு மணிக்குப் பசி தாங்காது. ஒரு நாள் கதவைத் தாழிட்டு, ஏழுமலை விட்டுப்போன ஜாங்கிரிப் பொட்டலத்தைப் பிரித்தேன். நின்றபடியே சாப்பிட்டேன், உட்கார்ந்தால் சாப்பிடுவது போல ஆகிவிடும். ருசி தெரியவில்லை. வெளியே செருப்புச் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. முடிந்ததும் வாயைக் கழுவி, அடுத்தவரை உள்ளே கூப்பிட்டு, இனிப்பைப் பற்றிப் பேசினேன். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் செல்வி அக்கா டிராயரைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெச்சதெல்லாம் காணாம போய்க்கினே இருக்குது மேடம். எலிதான். பெரிய பேஜாரா இருக்குது, ஒரு பொறி வாங்கியாந்து வெக்கிறேன்."

மூன்று சமோசா

திண்டிவனம் போகிற நாட்களில் டிராயர் கிடையாது. ஆனால் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் வண்டி கால் மணி நேரமாவது நிற்கும். வெள்ளரிக்காய், கொய்யா, சமோசா என்று வரிசையாக ஏறுவார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தால் தட்டு முகத்துக்கு நேராக வருகிறது என்று நடைபாதைப் பக்கம் மாறி உட்கார்ந்தேன். அங்கே தட்டு மடிக்கே வந்தது.

அன்று பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தவர் பிலோமினா அக்கா. அங்கன்வாடியில் வேலை செய்கிறவர், காலையில்தான் என்னிடம் ஆலோசனைக்கு வந்து போயிருந்தார். "வெளியில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம்" என்று அவருக்கு எழுதியிருந்தேன். நான் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு முன் கண்ணாடியையே பார்த்தேன். சமோசாக்காரர் விடவில்லை. அவரைப் பார்க்காமலே ஒரு விரலைக் காட்டினேன். ஒன்றே ஒன்று, பசிக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் பொட்டலம் கட்டிக்கொண்டே பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "எப்பவும் மூணு வாங்குவீங்களே மேடம், இன்னிக்கி பக்கத்துல ஆளு இருக்குதுன்னு ஒண்ணோட நிறுத்திக்கினீங்களா?"

காலியாக இருந்த கட்டம்

பிலோமினா அக்கா அன்று எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடுத்த இரண்டு நாள் தூக்கமாவது வந்திருக்கும். டாக்டரிடம் சொல்லிவிட்டாரோ, கிளினிக்கில் பேசிக்கொள்கிறார்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த திண்டிவனம் நாளில் அவர் உணவு நோட்டை நீட்டினார். சாப்பிடுவதை எல்லாம் நேரத்தோடு எழுதும் நோட்டு அது. பலரும் அதில் பொய் எழுதுவார்கள். வாரம் முழுக்கக் கேப்பைக் கூழ் என்று எழுதிவிட்டு, தாளில் எண்ணெய் விரல் பதித்துக் கொண்டுவருவார்கள். பிலோமினா அக்கா பொய் எழுதவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் என்பதால் மத்தியானச் சாப்பாட்டை ஒறுத்தலாக, அதாவது விரதமாக, விட்டிருந்தார். அந்தக் கட்டங்கள் எல்லா நாளும் காலி. அதற்குக் கீழே மாலைக் கட்டத்தில்: பன் மூன்று, பஜ்ஜி ஐந்து, அங்கன்வாடியிலிருந்து வந்ததும் நின்றுகொண்டே.

நான் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னேன்: சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் ஒருவேளை உணவை விடக் கூடாது, மத்தியானம் பட்டினி கிடந்தால் மாலையில் உடம்பு கடனைத் திருப்பிக் கேட்பது போலக் கேட்கும், அது உங்கள் மனத்தின் பலவீனம் இல்லை. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்டது. அவர் கவனமாகக் கேட்டார். குத்திக்காட்டுகிற முகம் இல்லை அது. நோட்டை வாங்கிக்கொண்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்: "நீங்க மத்தியானம் என்னா சாப்புடுவீங்க மேடம்?"

மசால் வடை

காலையில் பலமாகச் சாப்பிடுவேன் என்ற வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டு விழுப்புரம் திரும்பினேன். மறுநாள் செல்வி அக்கா சொன்னபடி பொறி வாங்கி வந்துவிட்டார். கட்டையில் கம்பி அடிக்கிற பொறி. டிராயரில் இருந்ததையெல்லாம் எடுத்து வெளியே கொடுத்துவிட்டு, மூன்று மணிக்குச் சூடான மசால் வடையில் பாதியைக் கம்பியில் செருகி உள்ளே வைத்தார். "கைய உட்டுடாதீங்க" என்று எச்சரித்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோம்பும் பூண்டும் சேர்ந்து டிராயரின் இடுக்கு வழியாக வந்தன. எலிக்கு வைத்தது, கையால் தொடுவதா, நான் படித்தவள், என்றெல்லாம் சொல்லிக்கொண்டேன். மூன்றரைக்கு நாற்காலியைத் தள்ளிப் போட்டேன். நாலு மணிக்குக் கதவைத் தாழிட மறந்து, குனிந்து உட்கார்ந்து, கம்பியில் படாமல் வடையை மட்டும் உருவிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பொறி என் நடுவிரலில் விழுந்தது. சத்தம் கேட்டு வந்த செல்வி அக்கா கம்பியைத் தூக்கி விரலை விடுவித்தார். என் விரல் நுனியில் வடைத் துணுக்கு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலி டிராயரைப் பார்த்தார். கதவைச் சாத்தினார். நான் ஜாங்கிரியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன், டிபன் பாக்ஸையும் சேர்த்து. சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி என் விரலில் வைத்துப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னார்: "கடைக்காரரு எலி மருந்து வெச்சா ஜல்தியா வேல முடியும்னாரு மேடம். நான்தான் எங்கனா செத்துக் கெடந்தா நாத்தம் அடிக்கும்னு பொறி கேட்டு வாங்கினேன்."

மறுபடியும் உருளைக்கிழங்கு

அன்று மாலையே டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். வேலை போகும் என்று நினைத்தேன். அவரோ மனநல ஆலோசகர் ஒருவரிடம் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கித் தந்தார். பறிமுதல் வழக்கத்தை நிறுத்தினேன். ஆசைப்பட்டதை அடியோடு மறுக்காமல், டாக்டர் அனுமதிக்கும் அளவில் சாப்பாட்டோடு சேர்த்து, உட்கார்ந்து சாப்பிடச் சொல்கிறேன். பிலோமினா அக்காவிடம் அவர் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னேன். இப்போது அவர் நோட்டில் மத்தியானக் கட்டம் நிரம்புகிறது. எனக்கும் ஒரு நோட்டு இருக்கிறது. அதில் சரியில்லாத நாட்களும் உண்டு. போன வாரம்கூட ஒன்று.

கடினமாக இருந்தது ஒரு மணிக்குக் கதவைத் திறந்து வைத்துச் சாப்பிடுவதுதான். முதல் நாள் பெஞ்சில் அதே ஏழுமலை, அதே குப்பம்மாள். என் டப்பாவில் அதே வறுவல். ஆனாலும் பிசைந்தேன். குப்பம்மாள் எழுந்து வாசலுக்கே வந்து எட்டிப் பார்த்தார். சோற்றை, கீரையை, வறுவலை, ஒவ்வொன்றாக. பிறகு சொன்னார்: "கொறைக்கணும்னா இவ்ளோ தானா மேடம்? இத அன்னிக்கே காட்டியிருந்தா நான் அந்தாளுக்கு அடியோட நிறுத்தியிருக்க மாட்டேனே, அவரு திருட்டுத்தனமா ஜாங்கிரி வாங்கியிருக்கவும் மாட்டாரே."

எங்கள் கிளினிக்கில் இதுவரை பொறியில் சிக்கிய எலி நான் ஒருத்திதான், மத்தியானம் ஒரு கவளம் ஒழுங்காகப் போட்டுவந்தால் அது டிராயர் பக்கம் அதிகம் வருவதில்லை.