சேக்காட்டு வீட்டுப் பூட்டுகளின் பட்டியல்

யுத்த காலத்தில் ஒரு வீட்டைச் சர்க்கார் எடுத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் பொருள்களை உரிமையாளரிடமே ஒப்படைக்க வேண்டும். முடியாவிட்டால் பட்டியல் எழுதி, ரசீது கொடுத்து, டிப்போவில் பத்திரமாக வைக்க வேண்டும். விதி அப்படித்தான் சொன்னது. அதை ஃபைலில் நகலெடுத்த குமாஸ்தா நான்தான்.

ஆவடியில் பட்டாளத்துக்கு இடம் எடுத்தபோது, சேக்காட்டில் என் மாமனார் வீடும் அதில் அடங்கியது. அவர் பூட்டுச் செய்கிற ஆசாரி. என் மனைவி, அவருடைய ஒரே மகள், பிரசவத்தில் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அதன் பிறகும் நான் அங்கேயே இருந்தேன். ஏன் போகவில்லை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் சோறு வடிப்பார், நான் குழம்பு வைப்பேன்.

பட்டறைச் சுவர் முழுக்கப் பூட்டுகள். சில அவர் செய்தவை. மற்றவை இடித்த வீடுகளிலிருந்தும் பூந்தமல்லிச் சந்தையிலிருந்தும் தேடி வாங்கியவை. மாங்காய்ப் பூட்டு, பெட்டிப் பூட்டு, நான்கு சாவி போட்டால் மட்டும் திறக்கும் பூட்டு. எல்லாம் பூட்டியே தொங்கும். திறந்து கிடப்பது பூட்டு இல்லை, வெறும் இரும்பு என்பார். சாவிகள் அவர் இடுப்பில்.

காலி செய்ய ஒரு நாள், ஒரு மாட்டுவண்டி. பட்டறைச் சாமானிலேயே வண்டி நிறைந்துவிட்டது. பூட்டுகள் டிப்போவுக்கு என்று முடிவாயிற்று. குமாஸ்தாவின் உறவினர் வீடென்றால் பட்டியலை வேறொரு குமாஸ்தா எழுத வேண்டும் என்றும் விதி உண்டு. அந்த வேறொரு குமாஸ்தா காய்ச்சலில் படுத்திருந்தார்.

சூப்பரின்டெண்ட் சாவி எங்கே என்றார். மாமாவிடம் கேட்டேன்.

"பூட்டு அவங்ககிட்ட போவுது. சாவியும் போயிட்ச்சின்னா, அப்பறம் இன்னா மாப்ள கீது, என்னுதுன்னு சொல்ல?"

சாவி இல்லாத பூட்டு உபயோகமற்றது, அப்படியே எழுது என்றார் சூப்பரின்டெண்ட். எழுதினேன். பட்டியலில் குறிப்பு எழுதும் கட்டமான ரிமார்க்ஸ் காலம் காலியாக இருந்தது. 'சாவி உரிமையாளரிடம் உள்ளது' என்று அதில் எழுதியிருக்கலாம். சூப்பரின்டெண்டுக்கு ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் மேலதிகாரியைக் காக்க வைக்கிற ஆள் இல்லை.

உபயோகமற்றவை பழைய இரும்பாக உருக்கப் போகும். அது அடுத்த விதி. கொரட்டூரில் பிடித்த ஒற்றை அறையில் சாப்பிட உட்கார்ந்தபோது மாமாவிடம் சொன்னேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார்.

"தெரியாம எழுதிட்டீங்களா, தெரிஞ்சி எழுதனீங்களா?"

"தெரிஞ்சுதான், மாமா."

"அப்ப மறுபடியும் எழுதிப் போடுங்க. எழுதறவரு நீங்கதான."

மனு போட்டேன். நினைவூட்டல் போட்டேன். பதில் இல்லை. மாதாமாதம் அவர் பெயரில் நான் எழுத, அவர் கீழே கையெழுத்துப் போடுவார். வெள்ளிக்கிழமைகளில் சாவிகளுக்கு எண்ணெய் போடுவார். எது எந்தப் பூட்டுக்கு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

ஐப்பசி மழையில் மாமாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல். மகன் இல்லாததால் நானே கொள்ளி வைத்தேன். அறையில் அவர் பாயை நான் சுருட்டவில்லை; சாவிக்கொத்து அதன் மேலேயே கிடந்தது. சோறும் குழம்பும் நானே வைத்து, பழக்கத்தில் இரண்டு ஆளுக்கு வைத்து, மிச்சத்தைக் கொட்டினேன்.

புதிதாகக் குமாஸ்தா வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ரிமார்க்ஸ் காலத்தைக் காலியாக விடாதீர்கள். பட்டியலில் மனிதனுக்கென்று இருக்கும் இடம் அது மட்டும்தான்.

இறந்தவர் பெயரில் மனு செல்லாது. தெரிந்தே மேலும் மூன்று நினைவூட்டல் அனுப்பினேன். கையெழுத்தையும் நானே போட்டேன். என் சர்வீஸில் நான் செய்த ஒரே மோசடி.

கடைசியில் பதில் வந்தது. பூட்டுகள் உருக்கப்படவில்லை, மனுதாரர் தாமே சாவிகளுடன் நேரில் வந்து, ஒவ்வொன்றையும் திறந்து காட்டிப் பெற்றுக்கொள்ளலாம். கொரட்டூர் அறையில் அதை நான் பிரித்தது மாசி மாதம் மூன்றாம் தேதி.