முறுக்கேறிய இரண்டு லேஸ்கள்

ஆம்பூரில் பிளஸ் டூ படித்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்தவள் அவள். வீட்டில் உருது, என்னோடு தமிழ். அவளுடைய அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தார். டி.என்.ஏ. இரட்டிப்பாவதைப் பற்றி எங்கள் இருவரையும் வகுப்பில் பேசச் சொன்னார் உயிரியல் மிஸ். நான் பாடத்தை வரி வரியாக மனப்பாடம் செய்யத் தொடங்கினேன். அவள் அலட்டிக்கொள்ளவில்லை.

"படம் வரைஞ்சா யாருக்கும் புரியாதுடி. நான் ஷூ லேஸ் எடுத்துனு வர்றேன்."

மறுநாள் கறுப்பில் ஒன்றும் பழுப்பில் ஒன்றுமாக இரண்டு நீள லேஸ்களைச் சேர்த்து முறுக்கி, ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினோம். "ஹெலிகேஸ் என்ற நொதி இரண்டு இழைகளையும் பிரிக்கிறது" என்று நான் ஒப்பித்தேன், அவள் பிரித்தாள். பாலிமெரேஸ் புது இழையைக் கட்டுவதையும், துண்டு துண்டாக வருவதை லைகேஸ் ஒட்டுவதையும் சொல்லி முடிப்பதற்குள், கம்பிப் பக்கம் லேஸ் சுருண்டு இறுகிவிட்டது. இழுத்தாள், வரவில்லை. வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் அதையே உற்றுப் பார்த்தாள்.

"மிஸ், இங்க பிரிக்கப் பிரிக்க அங்க முறுக்கு ஜாஸ்தியாவுது. செல்லுக்குள்ள இத்த யாரு எடுக்கறது?"

மிஸ் லேஸைத் தொட்டுப் பார்த்தார். "தெரியலம்மா. படிச்சிட்டு வந்து சொல்றேன்" என்றார். ஓர் ஆசிரியர் தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள் கழித்து, வேலூரில் ஒரு நூலகத்தில் எழுதி எடுத்த தாளோடு நேராக எங்களிடம் வந்தார். "டோபோஐசோமெரேஸ்னு ஒரு நொதி. இழைய வெட்டி, முறுக்கத் தளர்த்தி, திரும்ப ஒட்டிடும்."

"வெட்டினதே ஒட்டுமா மிஸ்?" அவளுக்கு நம்ப முடியவில்லை. பஸ் நிறுத்தம் வரை அதே பேச்சு.

பிளஸ் டூவோடு அவள் படிப்பை நிறுத்திவிடலாம் என்று அவர்கள் வீட்டில் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. அந்த வாரமே அவளுடைய அம்மா, கழுத்தில் கம்பெனி அட்டையோடு, சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கு வந்துவிட்டார்.

"டீச்சர், இவ இன்னாவோ கேட்டாளாமே, உங்களுக்கே தெரியலியாமே. நெஜமா?"

"நெஜம்தாம்மா. நல்ல கேள்வி."

அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப படிக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். மணியாகிவிட்டதென்று வேகமாகப் போய்விட்டார்.

இப்போது அவள் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் இருக்கிறாள். நான் ராணிப்பேட்டையில் ஓர் அலுவலகத்தில். சில ஞாயிறுகளில் கூப்பிட்டு, அன்றைக்கு என்ன பிடிபடவில்லை என்று மூச்சுவிடாமல் சொல்லுவாள். பாதி எனக்குப் புரியாது. போனை வைக்கத்தான் மனம் வருவதில்லை.